கோட்டைத் திடலுக்கு அடியில் வெள்ளி

பாகான் டாலாமில் வளர்ந்தவர்களுக்கு ஜார்ஜ்டவுன் எதிர்க்கரை. பட்டர்வொர்த்தில் பெரி ஏறி அக்கரையில் இறங்கி, கடலோரமாக வடக்கே நடந்தால் மணிக்கூண்டு வரும். அதையடுத்துக் கார்ன்வாலிஸ் கோட்டை. கோட்டைக்கு அந்தப் பக்கம் 1903இல் கட்டி முடித்த மாநகர மண்டபம் வரை விரிந்து கிடக்கும் புல்திடலை மலாயில் பாடாங் கோத்தா லாமா என்பார்கள்; எஸ்பிளனேடு என்றாலும் எல்லாருக்கும் புரியும். அங்கே உட்கார்ந்து கடற்காற்று வாங்கியவர்கள் ஒரு கதையைக் கேட்டிருப்பார்கள்.

ஆங்கிலேயக் கப்பல் தலைவர் பிரான்சிஸ் லைட் 1786 ஜூலை 17 அன்று இந்த முனையில் வந்து இறங்கினார். கடற்கரைவரை அடர்ந்த காடு. மரம் வெட்ட வந்தவர்கள் சலித்துப் போனார்கள். லைட் ஒரு பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார். காசைத் தேடிப் புகுந்தவர்கள் காட்டை வெட்டிச் சாய்த்தார்கள், நகரம் எழுந்தது. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். கதை முடிந்ததும் அவர்கள் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான். யார் கையிலும் அகப்படாத காசு ஒன்றிரண்டாவது இன்னும் அந்த மண்ணுக்குள் இருக்குமா? நாலு நண்பர்கள் உலோகங்காணியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் எடுத்துவிடலாமா?

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. இதற்குப் பதில் தேடினால் மின்காந்தவியலில் பாதியும் தொல்லியலில் பாதியும் கைக்கு வந்துவிடும்.

முதலில் காசைப் பார்ப்போம். அந்நாளில் இந்தக் கடல்வழி வணிகம் முழுவதும் நம்பியிருந்தது ஸ்பானிய வெள்ளி டாலரை. ஏறத்தாழ 27 கிராம் எடை, நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான விட்டம், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, மீதி செம்பு. காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் புல்மேல் இழுத்துக்கொண்டு போனால் இந்தக் காசு அசையாது. காந்தம் இரும்பை இழுக்கும், நிக்கலையும் கோபால்ட்டையும் இழுக்கும். வெள்ளியையும் செம்பையும் இழுக்காது. அப்படியானால் உலோகங்காணி எதைப் பிடித்துக்கொண்டு வெள்ளியைக் கண்டுபிடிக்கிறது?

இதற்கான முதல் துப்பு 1824இல் பாரிசில் கிடைத்தது. பிரான்சுவா அராகோ திசைகாட்டி ஊசிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆடும் ஊசிக்கு அடியில் செப்புத் தகடு இருந்தால் ஆட்டம் சீக்கிரமே அடங்கியது. செப்புத் தட்டைச் சுழற்றினால் மேலே இருந்த ஊசியும் தட்டு சுழலும் திசையிலேயே திரும்பியது. செம்புக்கும் காந்தத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரும்புதிர். ஏழாண்டுகள் கழித்து, 1831இல், மைக்கேல் பாரடே விடை சொன்னார். சும்மா நிற்கும் காந்தம் செம்பை ஒன்றும் செய்யாது. காந்தப்புலம் மாறிக்கொண்டிருந்தால், அந்த மாற்றம் செம்புக்குள் மின்சாரத்தை ஓடச் செய்யும். ஓடும் மின்சாரம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும்; அதுதான் ஊசியைத் தொட்டது. இதை மின்காந்தத் தூண்டல் என்கிறோம். தட்டையான உலோகத்துக்குள் இப்படி வட்டமாக ஓடுவதற்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஏர்கோனுக்குப் போடும் செப்புக் குழாயில் ஒரு முழத் துண்டை நிமிர்த்திப் பிடித்து, அதற்குள் நுழையக்கூடிய வலுவான சிறு காந்தத்தை மேலிருந்து விடுங்கள். அதே அளவுள்ள சாதாரண இரும்புத் துண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் கீழே விழுந்துவிடும். காந்தம் மெல்ல மெல்ல இறங்கும். குழாயின் சுவரில் எழும் சுழல் மின்னோட்டங்கள் அதன் வேகத்தைத் தடுக்கின்றன. பிள்ளைகள் கையில் இதைக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை முறை செய்தாலும் வியப்புத் தீராது.

இனி கருவி. நீண்ட கம்பின் நுனியில் ஒரு தட்டு. அதற்குள் செப்புக் கம்பிச் சுருள்கள். ஒரு சுருளில் மின்சாரம் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறி ஓடுகிறது. அதனால் தட்டைச் சுற்றி ஓயாமல் மாறும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. வழியில் ஒரு வெள்ளிக்காசு கிடந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழும். அதிலிருந்து மெலிதான ஒரு புலம் மேலே திரும்பி வரும். இரண்டாவது சுருளின் வேலை அதைக் கேட்பது.

கேட்பதில்தான் சிக்கல். முதல் சுருளின் ஆரவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. காசின் குரலோடு அதை ஒப்பிடவே முடியாது. இதற்கு வழி காட்டியது நகைக்கடைத் தராசு போன்ற ஓர் ஏற்பாடு. இரண்டு தட்டிலும் சமமான பாரம் இருந்து முள் நடுவில் நிற்கும்போது, ஒரு தட்டில் குன்றிமணி விழுந்தாலும் முள் அசையும். பாரம் எவ்வளவு பெரிது என்பது அங்கே பொருட்டில்லை. எந்த அளவுக்குச் சமன் செய்திருக்கிறோம் என்பதுதான் பொருட்டு. அதுபோலச் சுருள்களை ஒன்றின்மேல் ஒன்று குறிப்பிட்ட அளவு விலக்கி வைத்தால், முதல் சுருளின் புலம் இரண்டாவதற்குள் ஒரு பக்கம் எவ்வளவு நுழைகிறதோ அதே அளவு எதிர்த்திசையில் மறுபக்கமும் நுழைந்து கழிந்துபோகும். மிஞ்சுவது அமைதி. அந்த அமைதியைக் குலைப்பது எதுவோ அதுதான் செய்தி. டேவிட் ஹியூஸ் 1879இல் லண்டனில் செய்து காட்டிய இதைத் தூண்டல் தராசு என்று சொல்லலாம்.

அந்தத் தராசு மனித உயிர் ஒன்றைக் காப்பாற்ற அழைக்கப்பட்டதும் உண்டு. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் கார்பீல்டு சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. தொலைபேசி கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் தூண்டல் தராசைத் திருத்தியமைத்து, தொலைபேசியின் காதுக்குழாயை அதில் பொருத்தினார். உள்நாட்டுப் போரில் குண்டடி பட்டு, குண்டை உடலிலேயே சுமந்திருந்த பழைய வீரர்களிடம் முதலில் சோதித்தார். கருவி குண்டைக் காட்டியது. அதன்பிறகே அதிபரின் படுக்கைக்குப் போனார். அங்கே எந்த ஒரு புள்ளியும் தனித்துக் கேட்கவில்லை. பரந்த பரப்பில் மங்கலான ஓசைதான் வந்தது. படுக்கையின் மேல்மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பியாலான இன்னொரு மெத்தை இருந்தது பிறகுதான் தெரிந்தது. போதாததற்கு, தலைமை மருத்துவர் உடலின் வலப்பக்கம் மட்டுமே தேட இடம் கொடுத்தார். செப்டம்பர் 19 அன்று கார்பீல்டு இறந்தார். பிணப் பரிசோதனையில் குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் கிடந்தது.

உலோகங்காணி பிடிக்கும் ஒவ்வொருவரும் இந்த வரலாற்றைப் படித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கருவி தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. தேடுகிற இடத்தைத் தேர்ந்ததும், சுற்றிலும் வேறு என்ன உலோகம் இருக்கிறது என்று பாராமல் விட்டதும் மனிதர்கள்.

போர் இந்தக் கருவியை இன்னும் கூர்மையாக்கியது. ஸ்காட்லாந்தில் இருந்த போலந்து ராணுவ அதிகாரி யூசெப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி காணும் கருவி 1942இல் எல் அலமெய்ன் போரில் பாலைவனத்தில் வழி திறந்தது. இன்று கடைகளில் கிடைப்பவை அதன் வழிவந்தவைதான்.

பாடாங்கில் கருவி கீச்சிட்டால் அது வெள்ளிதானா என்று எப்படி அறிவது? இங்கே இயற்பியல் இரண்டு அடையாளங்களைத் தருகிறது. முதலாவது, இரும்பு காந்தப்புலத்தைத் தன்பால் இழுத்து வலுவாக்கும். வெள்ளியில் எழும் சுழல் மின்னோட்டமோ வந்த புலத்தை எதிர்க்கும். இரண்டும் தராசின் முள்ளை வெவ்வேறு பக்கம் சாய்க்கின்றன. இரண்டாவது, சுழல் மின்னோட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது. மின்சாரத்தை மோசமாகக் கடத்தும் மெல்லிய தகட்டில் அது எழுந்த கையோடு அடங்கிவிடும். தடித்த வெள்ளியில் சற்று நீடிக்கும். உலோகங்களிலேயே மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான். இந்த வேறுபாடு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருந்தாலும், திரும்பி வரும் அலை பிந்துகிற அளவிலிருந்து கருவி அதைக் கணக்கிட்டுவிடும். இந்தப் பிந்தலைக் கட்ட வேறுபாடு என்பார்கள். அதை ஓர் எண்ணாக மாற்றித் திரையில் காட்டுவார்கள்.

அந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. கருவிக்கு வெள்ளி என்றோ தங்கம் என்றோ ஒன்றும் தெரியாது. பொருள் எவ்வளவு பெரிது, எவ்வளவு தடிமன், எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்துகிறது என்ற மூன்றையும் கலந்த ஒரே விடைதான் அதற்குக் கிடைக்கிறது. பானக் குவளையிலிருந்து பிய்த்தெறிந்த அலுமினிய வளையமும் சின்னத் தங்க மோதிரமும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் கொடுப்பது இதனால்தான். புட்டிமூடி இரும்புத் தகடு. இரும்பாகவும் நடிக்கும், தட்டையாக இருப்பதால் காசாகவும் நடிக்கும். நல்ல காசு ஒன்று நிமிர்ந்து செங்குத்தாகக் கிடந்தால், சுழல் மின்னோட்டம் ஓட வட்டப்பரப்பு கிடைக்காமல் குரல் தேய்ந்துபோகும். துருப்பிடித்த ஆணி பக்கத்தில் இருந்தால் அதன் இரைச்சலில் காசு கேட்காமலே போகலாம்.

அடுத்தது ஆழம். சாதாரணக் கருவி ஒரு காசைக் காட்டுவது ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் ஆழம்வரைதான். திரைப்படங்களில் ஆளுயரக் குழி தோண்டிப் பானை எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். காரணம் எளிது. தட்டிலிருந்து விலக விலகக் காந்தப்புலம் மிக விரைவாகத் தேய்கிறது. தூரம் இரட்டித்தால் காசை எட்டும் புலம் எட்டில் ஒரு பங்காகும். காசு திருப்பி அனுப்பும் புலமும் அதே தூரத்தைக் கடந்து மேலே வரவேண்டும். அதுவும் எட்டில் ஒரு பங்காகும். இரண்டும் சேர்ந்தால் அறுபத்து நாலில் ஒரு பங்கு. பெரிய மின்கலம் போட்டால் ஆழம் கூடும் என்று எண்ணுபவர்கள், இரட்டை ஆழத்துக்கு 64 மடங்கு வலு தேவை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரிய தட்டை மாட்டலாம். அப்போது ஆழம் கொஞ்சம் கூடும், சின்னப் பொருள்கள் நழுவிவிடும்.

பாடாங்கின் ஒரு பக்கம் கடல். உப்புநீர் ஊறிய மண் மின்சாரம் கடத்தும். கருவிக்கு அந்த மண்ணே ஒரு பெரிய மங்கலான உலோகம்போலத் தோன்றும். இந்த நாட்டில் பரவலாக உள்ள செம்புறை மண்ணில் இரும்புத் தாதுக்கள் வேறு. இவற்றைச் சமாளிக்கத் துடிப்பு முறையைக் கையாள்கிறார்கள். சட்டென்று ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, விநாடியில் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு காத்திருந்து கேட்பது. உப்புநீரின் சுழல் மின்னோட்டம் அதற்குள் அடங்கியிருக்கும். வெள்ளியுடையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ஒரு சாண் மண்ணில் என்ன இருக்கும்? அணிவகுப்பும் விளையாட்டும் நடந்த திடல். தேசிய நாளுக்கும் புத்தாண்டுக்கும் கூட்டம் கூடும் திடல். மேல்மண் முழுக்க நம் தலைமுறையின் சில்லறையும் மூடியும் சாவியும்தான். இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய தரை அதற்குக் கீழே, அடுக்கடுக்காகக் கொட்டி நிரவிய மண்ணுக்கு அடியில் இருக்கும். யாருமே மண் கொட்டாவிட்டாலும் பழம்பொருள் கீழே போகும். கார்பீல்டு இறந்த அதே 1881இல் சார்லஸ் டார்வின் வெளியிட்ட கடைசி நூல் மண்புழுக்களைப் பற்றியது. அவை அடிமண்ணை உண்டு மேலே கழிப்பதால், தரையில் கிடந்த கற்களும் காசுகளும் ஆண்டுக்காண்டு புதைவதை அவர் அளந்தே காட்டினார்.

கருவியின் வேறொரு குறையையும் சொல்லியாக வேண்டும். பாகான் டாலாம் இருக்கும் அதே செபராங் பிறை நிலப்பரப்பில், வடக்கே குவார் கெப்பாவில், சிப்பி மேடுகள் இருந்தன. 2017இல் அங்கே காட்சியகம் கட்டத் தோண்டியபோது ஓர் எலும்புக்கூடு வெளிப்பட்டது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பினாங்குப் பெண் என்று அவளுக்குப் பெயரிட்டார்கள். இந்த மாநிலத்தின் மிகப் பழைய மனிதத் தடயங்களில் அது ஒன்று. அந்த மேட்டின்மேல் உலகின் விலையுயர்ந்த உலோகங்காணியைக் கொண்டு நடந்திருந்தாலும் அது வாய் திறந்திருக்காது. கற்கால மக்களிடம் உலோகம் இல்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகும் கருவியைத் தூக்கிக்கொண்டு போகும் ஆசை எனக்குப் புரிகிறது. அந்த ஆசையிலிருந்து நல்ல அறிவியலும் பிறந்திருக்கிறது. அமெரிக்காவின் மொன்டானாவில் 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போர் நடந்தது. அமெரிக்க ராணுவத் தளபதி கஸ்டரின் படைப்பிரிவு அங்கே பழங்குடி வீரர்களிடம் முற்றாக அழிந்தது. 1983இல் காட்டுத்தீ அந்தப் புல்வெளியை எரித்துத் தரையை வெளிக்காட்டியது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்டு பாக்ஸ் என்ற தொல்லியலாளர்களோடு உலோகங்காணி வைத்திருந்த தன்னார்வலர்களும் சேர்ந்தார்கள். சில மீட்டர் இடைவெளி விட்டு வரிசையாக நடப்பார்கள். கருவி ஒலித்த இடத்தில் சின்னக் கொடியை நட்டுவிட்டு மேலே போவார்கள், தோண்டுவதில்லை. பின்னால் வருகிறவர்கள் கவனமாக மண்ணை விலக்கி, இடத்தையும் ஆழத்தையும் கிடக்கும் திசையையும் குறித்த பிறகே பொருளை எடுப்பார்கள்.

ஒரு தோட்டா உறையைக் கடையில் விற்றால் சில காசு. அங்கே நூற்றுக்கணக்கான உறைகளின் இடம் வரைபடத்தில் ஏறியது. துப்பாக்கியின் அடிமுள் ஒவ்வோர் உறையிலும் பதித்த தழும்பு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். ஒரே தழும்புள்ள உறைகள் எங்கெங்கே கிடந்தன என்று கோடிட்டுப் பார்த்தபோது, ஒரே துப்பாக்கி களத்தில் நகர்ந்த வழி தெரிந்தது. பழங்குடி வீரர்களிடம் எத்தனை வகைத் துப்பாக்கிகள் இருந்தன, எந்தத் திசையிலிருந்து நெருங்கினார்கள் என்பதெல்லாம் ஏடுகளில் இல்லாத செய்திகள். அவர்கள் வழிவந்தோர் சொல்லிவந்த வாய்மொழி வரலாற்றின் பல பகுதிகளை அந்த உறைகள் உறுதிசெய்தன.

பாடாங்கில் அப்படி ஒரு கூடுகையை நடத்த முடியுமா? அனுமதியில்லாமல் முடியாது; முடியவும் கூடாது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜார்ஜ்டவுனின் மையப் பகுதி அது. தேசிய பாரம்பரியச் சட்டம் 2005இன்படி பழம்பொருள் தேடித் தோண்ட உரிமம் வேண்டும். தற்செயலாகக் கிடைத்தாலும் பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ சொல்ல வேண்டும். பாதுகாப்புக் காரணமும் உண்டு. 1941 டிசம்பர் 11 முதல் ஜப்பானிய விமானங்கள் இந்த நகரத்தின்மேல் குண்டு வீசின. கருவி ஆழத்தில் பெரிய இரும்பைக் காட்டினால் மண்வெட்டியை வைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிட வேண்டும்.

உரிமம் பெற்று, தொல்லியலாளர் தலைமையில், ஊர் மக்கள் கருவியோடு வரிசையில் நடக்கும் நாள் ஒன்று வந்தால் நானும் போவேன். கொடி நடும் வேலை கிடைத்தாலே போதும். லைட்டின் கதையைச் சோதிக்க அங்கே வழி இருக்கிறது. வெறுமனே ஒரு ஸ்பானிய டாலர் கிடைப்பதால் கதை மெய்யாகாது. 1780 என்று பொறித்த காசு 1840இலும் யார் மடியிலிருந்தாவது விழுந்திருக்கலாம்; அந்த டாலர்கள் பல பத்தாண்டுகள் புழங்கின. பொறித்த ஆண்டு காட்டுவது அதற்கு முன்னால் அது விழுந்திருக்க முடியாது என்பதை மட்டுமே. காசு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று பார்க்க வேண்டும். காட்டு மண்ணின்மேல், வெட்டிய மரங்களின் வேரோடும் எரித்த கரியோடும் கிடந்ததா? உடைந்த செங்கல்லும் பீங்கானும் கலந்த பிற்கால மண்ணிலா? வெடிமருந்தால் உந்தப்பட்டுப் பீரங்கிக் குழாயில் உரசி வந்த வெள்ளி வளைந்திருக்க வேண்டும், விளிம்பு நசுங்கியிருக்க வேண்டும். வெள்ளி அவ்வளவு மென்மையான உலோகம்.

எல்லாவற்றிலும் வலுவான சாட்சி பரவல்தான். பீரங்கியிலிருந்து பறந்த காசுகள் ஒரு முனையிலிருந்து விரியும் விசிறி வடிவில், தூரம் போகப் போக அகன்று கிடக்கும். நடைபாதையில் தவறவிட்டவையும் கடை வாசலில் சிந்தியவையும் அப்படிக் கிடக்காது. பாதையோரமாகவும் வாசலருகிலும் திரண்டிருக்கும். இதைப் பிரித்தறிய ஒரு காசு போதாது. பலவற்றின் இடமும், ஒன்றுமே கிடைக்காத கட்டங்களின் கணக்கும் வேண்டும். இரவோடு இரவாக எவரேனும் நாலைந்தைத் தோண்டி எடுத்துப் போயிருந்தால், அவர் கையில் வெள்ளி இருக்கும். வரைபடத்தில் விசிறியின் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும். அங்கே காசு விழவே இல்லையா, விழுந்ததை யாராவது எடுத்துவிட்டார்களா என்று பிறகு எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.